காலில் பட்டால் அவுட் இல்லை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுதான் குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள், மாப்பிள்ளை நலமா?

கடையில் இன்று ஈ ஓட்டுகிறேன். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். "போன்ல நீ பேசுவ, நான் கேப்பேன். கடுதாசியிலதான் நீ குறுக்க பேச முடியாது" என்று நீ சொன்னதை என் வீட்டுக்காரி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அதனால் கடிதம்.

விஷயம் கொஞ்சம் பெரியது. நம் ஏழு ஊர் கிரிக்கெட் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பது உனக்குத் தெரியும். தலைமை வாரியத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. வட்டாரங்களுக்கிடையே வருடாவருடம் நடக்கும் போட்டியில் நாம் கடைசியாக எப்போது ஜெயித்தோம் என்று அவர்களுக்கே ஞாபகம் இல்லையாம். வருகிற பிப்ரவரியில் ஓர் ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் சங்கத்தைக் கலைத்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய சங்கத்தோடு சேர்த்துவிடுவார்களாம். அங்கே போய்ச் சேரவே அரை நாள். நம் வெல்டரும் தையல்காரரும் வேலையை விட்டுவிட்டு அரை நாள் போய், ஆடி, அரை நாள் திரும்பி வருவார்களா? ஏழு மைதானத்திலும் லாரி நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நம்மிடம் திறமை இல்லாமல் இல்லை. போன முறை பதினொரு பேரில் ஏழு பேர் எல்.பி.டபிள்யூ. அந்த அம்பயர்களுக்கு நம்மைக் கண்டாலே ஆகாது.

சங்கத்தைச் சீர்திருத்த நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சீருடையைக் கருநீலமாக்கலாம். பந்து எறியும் இயந்திரம் ஒன்று வாங்கலாம். சங்கத்துக்கென்று ஒரு பாட்டு எழுதலாம் என்று தபால்காரர் சொல்கிறார். அவரே எழுதியும் விட்டார், அதுதான் கவலை. நீ படுத்துக்கிடந்த ஒரு பள்ளியைத் தூக்கி நிறுத்தியவள். உனக்குக் கிரிக்கெட் தெரியாவிட்டால் என்ன, யோசனை சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு மாறாத,
தம்பி

ஜூன் 14

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் என் வயதைச் சொல்கிறது. பல்லைப் பல் மருத்துவரிடம் காட்டு. உன் கிரிக்கெட் குழுவிலேயே ஒரு பல் மருத்துவரை வைத்துக்கொண்டு கிராம்புத் தைலம் தடவுகிறவன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

சீருடை, இயந்திரம், பாட்டு மூன்றையும் படித்தேன். எங்கள் பள்ளிக்கு நான் போன முதல் வாரத்தில் ஒருவர் வந்து, "டீச்சர், கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சா பிள்ளைங்க நல்லாப் படிப்பாங்க" என்றார். அடித்தோம். கேட் நன்றாக இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். ஏழு பேர் ஒரே மாதிரி அவுட் ஆனார்கள் என்கிறாய். அந்த எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன? எனக்குப் புரியும்படி எழுது. உங்கள் ஏழு ஊர் ஆட்டங்களில் அது வாரத்துக்கு எத்தனை பேருக்கு வரும்?

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. பல் தேவலை. (தேவலை இல்லை என்று பக்கத்தில் இருந்து ஒரு குரல் வருகிறது. அதை எழுத மாட்டேன்.)

எல்.பி.டபிள்யூ. ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பின்னால் ஸ்டம்ப் இருக்கிறது. பந்து அதை நோக்கி வருகிறது. மட்டையால் தடுக்க வேண்டும். மட்டை படாமல் காலில் பட்டு, கால் இல்லாவிட்டால் அது நேரே ஸ்டம்பில்தான் போய் விழுந்திருக்கும் என்று அம்பயர் நினைத்தால் விரலைத் தூக்குவார். நம் வீட்டுக் கதவிடுக்கில் விழ வேண்டிய தபாலை யாரோ காலால் மறிக்கிற மாதிரி.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் கேட்டால் நீயே அசந்துபோவாய். நம் ஏழு ஊர்களில் அது கிடையவே கிடையாது! நான் ஆட வந்த நாளிலிருந்து ஒருவர்கூட எல்.பி.டபிள்யூ. ஆனதில்லை. அப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் அங்கே போனதும் ஏழு பேர் அவுட் என்றால், அந்த அம்பயர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நீயே முடிவு செய்துகொள்.

இங்கே நமக்கு வெளி அம்பயர் செலவே இல்லை. எந்த அணி மட்டை பிடிக்கிறதோ, அந்த அணியில் காத்திருக்கிற இரண்டு பேர் போய் நிற்பார்கள். நம் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். சண்டையே வராது.

வீட்டில் எல்லோரும் உன்னைக் கேட்டார்கள்.

தம்பி

ஜூலை 8

அன்புள்ள தம்பி,

நலம், நலமே நாடுகிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன்.

ஒரு கதை சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் ஒரு வகுப்பு முழுவதும் சூரியன் மேற்கே உதிக்கிறது என்பது போல வரைபடக் கேள்விக்கு விடை எழுதியிருந்தது. வடக்கில் இருக்க வேண்டியதெல்லாம் தெற்கில். புவியியல் டீச்சர் அழாத குறை. போய்ப் பார்த்தால், வெள்ளையடித்தவர்கள் சுவரில் வரைபடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் பார்த்ததைத்தான் எழுதினார்கள். ஒருவன் தப்பாக எழுதினால் அவன் காதைப் பிடிக்கலாம். வகுப்பே ஒரே தப்பை எழுதினால் சுவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் சுவரைப் பார். அம்பயராக நிற்பவன் தன் அணித் தலைவருக்கு விரல் தூக்கினால், ஆட்டம் முடிந்து யார் வண்டியில் வீடு திரும்புவான்? அதனால் தூக்க மாட்டான். அதனால் உங்களில் யாரும் மட்டையை முன்னால் கொண்டுவரக் கற்கவில்லை. காலை நீட்டினால் போதும். அந்தக் காலோடு வெளியே போகிறீர்கள். வெளியே இருக்கிறவர் விரலைத் தூக்குகிறார். உங்களுக்கு அநியாயமாகத் தெரிகிறது.

பரீட்சைத் தாளை அந்தந்தப் பள்ளியே திருத்துவதில்லை. மாற்றித் திருத்துகிறோம். உங்கள் அம்பயர்களையும் மாற்றிப் போடுங்கள். இந்த ஊர் ஆட்டத்துக்கு மூன்றாவது ஊரிலிருந்து ஆள். யார் எங்கே போவது என்பதை நீ முடிவு செய்யாதே, ஆட்டத்தில் நீயும் இருக்கிறாய். உன்னைவிட எல்லோரும் பயப்படும் ஆள் யாராவது இருந்தால் அவரிடம் கொடு.

இன்னொன்று. நீ இரண்டு கடிதம் எழுதிவிட்டாய், போனிலும் பேசுகிறாய். வெல்டர் எத்தனை விக்கெட், தபால்காரர் எத்தனை ரன் என்றெல்லாம் வருகிறது. முதலில் இறங்குகிறவன் நீ. உன் ரன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லையே? சின்ன வயதில் மட்டை உன்னுடையது. அவுட் என்று சொன்னால் "மட்டை என்னுது" என்று தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாய். ஆட்டம் நின்றுவிடுமே என்று நாங்களும் "சரிடா, அவுட் இல்ல, வா" என்போம். ஏனோ இன்று ஞாபகம் வந்தது.

பல்லைக் காட்டு.

அக்கா

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் யோசனையைக் கூட்டத்தில் வைத்தேன். பல் மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் கூட்டம். சுவரெல்லாம் பல் படம். அதைப் பார்த்துக்கொண்டே யாரும் நீளமாகப் பேச முடியாது. அதற்காகவே அங்கே வைப்பது.

தையல்காரர்தான் முதலில் எழுந்தார். "எவனோ வெளியூர்க்காரன் வந்து எனக்கு விரல் தூக்குவானா?"

பல் மருத்துவர், "ஏங்க, உங்க பரீட்சைப் பேப்பரை உங்கப்பாவா திருத்தினாரு?" என்று கேட்டார்.

"எங்கப்பா திருத்தியிருந்தா நான் ஏங்க தையல் மெஷின்ல உக்காந்திருக்கேன்?"

சிரிப்பில் கூட்டம் பாதி மாறிவிட்டது. மீதியை வெல்டர் மாற்றினார். வாயே திறக்காத மனிதர், உனக்கு அவரைத் தெரியாது, பக்கத்து ஊர் அணி, நம் வட்டாரத்திலேயே வேகமாகப் பந்து போடுகிறவர். எழுந்து, "ஆட வந்த நாள்லேருந்து ஸ்டம்புக்குத்தான் சார் போடறேன். எல்லாம் கால்ல பட்டு நிக்குது. யாராவது ஒரு தடவை எனக்காக விரல் தூக்கட்டும். பாத்துட்டுப் போய்ச் சேந்துடறேன்" என்றார். அதற்கு மேல் யார் எதிர்ப்பது?

தீர்மானம் நிறைவேறியது. அம்பயர்களை அனுப்பும் பொறுப்பு பல் மருத்துவருக்கு. நாம் எல்லோருமே என்றாவது ஒருநாள் அவர் முன்னால் வாயைத் திறக்க வேண்டியவர்கள்தானே.

ஒரே கஷ்டம், அம்பயராக நிற்க யாருமில்லை. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார். "நாற்பது வருஷம் திட்டு வாங்கியாச்சு, இது என்ன" என்கிறார். இன்னும் நாலைந்து பேராவது தேவை.

மற்றவை அடுத்த கடிதத்தில்.

தம்பி

அண்ணி, வணக்கம். கடிதத்தை ஒட்டுகிற வேலை என்னுடையது என்பதால் இந்த ஓரத்தில் நான் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இவர் பதில் எழுத மாட்டார். இந்த வருடம் நான் பார்த்த எந்த ஆட்டத்திலும் இவர் மட்டையில் பந்து பட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காலில் பட்ட சத்தம்தான். வெகுநேரம் நிற்கிறார். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு அசைக்க முடியலை பாத்தியா" என்கிறார். முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது நான்.

செப்டம்பர் 2

அன்புள்ள தம்பி,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் காலையில் எதிர் மைதானத்தில் நடக்கிறேன், முழங்கால் அடங்கிவிட்டது. புதன்கிழமை மாலைகளில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். இந்த முறை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நான். பக்கத்தில் இருப்பவர் என்னைப் பார்த்து எழுதுகிறார். பழக்க தோஷத்தில் அவர் தாளைப் பிடுங்கப் பார்த்தேன்.

கண் பரிசோதித்துக்கொண்டேன். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். உன் கையாலேயே ஒரு கண்ணாடி செய்து அனுப்பு. தூரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். இருபத்திரண்டு கஜம் என்று வைத்துக்கொள்ளேன். குனிந்தால் மூக்கிலிருந்து வழியக்கூடாது. வெயிலில் நின்றால் கூசக்கூடாது.

ஒரு பொது அறிவுக் கேள்வி. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி உள்ளே வந்து காலில் பட்டால் அவுட்டா, இல்லையா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரிக்கு என் தனி அன்பு. அவள் எழுத்து மணிமணியாக இருக்கிறது.

அக்கா

செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நடப்பது அறிந்து மகிழ்ச்சி. என் வீட்டுக்காரி எழுத்தை நீ எங்கே பார்த்தாய்? கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

கண்ணாடியைத் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். இதுவரை நான் தேய்த்த லென்ஸ்களிலேயே இதுதான் சிறந்தது. நானே மைதானத்தில் ஒரு முனையில் நின்று, உன் கண் சீட்டின்படி என் கண்ணுக்கு ஒரு மங்கல் லென்ஸ் மாட்டி, அதன் மேல் உன் கண்ணாடியைப் போட்டு, மறுமுனையில் பந்தை வைத்து, அதன் தையலை எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினேன். பஸ் போர்டு படிக்க இவ்வளவு துல்லியம் எதற்கு என்று மட்டும் புரியவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: அவுட் இல்லை. குத்திய இடம் லெக் ஸ்டம்புக்கு, அதாவது கால் பக்கத்து ஸ்டம்புக்கு, வெளியே என்றால் பேச்சே கிடையாது. உனக்கு எதற்கு இதெல்லாம்?

சீர்திருத்தம் அமர்க்களமாக நடக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் தையல்காரருக்கு விரல் தூக்கினார். ஏழு ஊர் சரித்திரத்தில் முதல் எல்.பி.டபிள்யூ. தையல்காரருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. "நான் இப்ப எங்க போகணும்?" என்று கேட்டார். "முன்பக்கமா இறங்கிப் போங்க" என்றார் கண்டக்டர். அந்தப் பந்தைப் போட்ட வெல்டர் மைதானத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நானும் நன்றாக ஆடுகிறேன். என் மேல் பல முறை முறையீடு செய்தார்கள். ஒரு முறைகூட விரல் எழவில்லை. அம்பயர்கள் பழகப் பழகத் தேறிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

தம்பி

அக்டோபர் 5

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலம் விழைகிறேன். நான் உங்கள் தம்பியின் சங்கத்தில் அம்பயர்களை அனுப்பும் பல் மருத்துவர். தாங்கள் அம்பயர் தேர்வில் முதலாவதாகத் தேறிய செய்தியும், இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை நிற்க விரும்புவதாகத் தாங்கள் எழுதியதும் கிடைத்தன. இரண்டு முறை படித்துவிட்டு, நோயாளி காத்திருப்பதையும் மறந்து சிரித்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சீர்திருத்தம் ஒரு காலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது செயலாளரின் கால். எல்லோருக்கும் விரல் தூக்கும் கண்டக்டர் இவருக்கு மட்டும் தூக்குவதில்லை. கேட்டால், "வண்டி, சாப்பாடு, பந்து எல்லாம் அவர்தான் ஏற்பாடு பண்றாரு. கோவிச்சுக்கிட்டு விட்டுட்டுப் போய்ட்டார்னா?" என்கிறார். அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. இப்போது தையல்காரர், "செயலாளர் கால் என்ன தங்கமா? அவருக்கு இல்லாதது எனக்கும் இல்லை" என்று, அவுட் கொடுத்தாலும் போக மறுக்கிறார். மூன்று ஊர்கள் பழைய வழக்கமே போதும் என்கின்றன. மாதக் கடைசியில் அதற்கு ஒரு கூட்டம். பழைய வழக்கம் திரும்பினால் பிப்ரவரியில் நம் கதி உங்களுக்கே தெரியும்.

உறவினர் நிற்கலாமா என்று தாங்கள் கேட்டது நியாயம். அன்று எதிரணி வெல்டருடையது. அவர்கள் தலைவரிடம் கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "எனக்கும் ஒரு அக்கா இருக்காங்க டாக்டர். ஆட்சேபணை இல்லை" என்றார்.

செயலாளரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அம்பயர் யார் என்று முன்கூட்டிக் கேட்கக் கூடாது என்பது அவரே எழுதிய விதி.

தங்கள் அன்புள்ள,
பல் மருத்துவர்

பி.கு.: அவரை என்னிடம் வரச் சொல்லுங்கள். அந்தக் கடைவாய்ப் பல்லை நான் விக்கெட் கீப்பர் பக்கத்தில், ஸ்லிப்பில் நின்றபடியே பார்க்கிறேன்.

அக்டோபர் 12

அன்புள்ள தம்பி,

நலம். கண்ணாடி வந்தது. எதிர் மாடியில் காயும் சட்டையின் பொத்தான் தெரிகிறது.

உங்களையெல்லாம் பார்த்து நாளாயிற்று. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை மாலை வண்டியில் வருகிறேன், சில நாள் இருப்பேன். மறுநாள் உனக்கு ஆட்டம் இருக்குமே, எனக்காக அதை விடாதே. நான் என் பாட்டுக்கு இருப்பேன்.

வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். வெயிலுக்கு.

அக்கா

நவம்பர் 10

அன்புள்ள தம்பி,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ சுகமா என்று கேட்க வேண்டும், நீதான் எழுதவில்லை. இருந்த நாட்களில் "சாப்டியா", "ஃபேன் போடவா" தவிர நீ எதுவும் பேசவில்லை. சரி, நான் பேசுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நான் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அந்த முனையிலிருந்து எனக்கு என்ன தெரிந்தது என்று சொல்லத்தான்.

நீ மட்டையோடு இறங்கி வந்தபோது வெள்ளைக் கோட்டில் என்னைப் பார்த்து நடுவழியில் நின்றாய். "அக்கா, இங்க என்ன பண்ற?" என்றாய். "நிக்கறேன். நீ ஆடு" என்றேன். பந்து எண்ண வைத்திருந்த கூழாங்கற்களைக் கோட்டுப் பையில் உருட்டிக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டிருக்கிறேன். அவர்களில் யாரையும் நான் இடுப்பில் தூக்கி வளர்த்ததில்லை.

வெல்டர் ஓடி வந்தார். பந்து நேராகக் குத்தி, நேராக வந்து, உன் இடது கால்காப்பில் பட்டது. நடு ஸ்டம்புக்கு நேரே. மட்டை கால்காப்புக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. எல்லோரும் கத்தினார்கள். கத்தினதும் பழக்கம்போல அவரவர் இடத்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள். நீயும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பந்துக்காகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாய்.

நான் விரலைத் தூக்கினேன். யாரும் பார்க்காததால் கொஞ்ச நேரம் தூக்கியபடியே நிற்க வேண்டியதாயிற்று. முதலில் பார்த்தவர் வெல்டர்.

"அக்கா, மட்டையில பட்டுச்சு!"

"படலை."

"அங்கேருந்து உனக்கு எப்படித் தெரியும்? கண்ணு..." என்று ஆரம்பித்தாய். என் மூக்கின் மேல் பார்வை போனது. அப்படியே நிறுத்திவிட்டாய். ஸ்லிப்பில் இருந்த எதிரணி ஆள், "சார், கண்ணாடி உங்க கடைதுங்களா?" என்று கேட்டார். மைதானமே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், விரல் மேலே இருந்தது.

"வீட்டுல பேசிக்கலாம், போடா" என்றேன். அப்படிச் சொல்லலாம் என்று எங்கள் பாடத்தில் இல்லை.

சின்ன வயதில் போலவே மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாய். ஆனால் தம்பி, நீ பார்த்தாயோ இல்லையோ, இந்த முறை ஆட்டம் நிற்கவில்லை. அடுத்த ஆள் இறங்கினார். நீ இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று அவர்களும் பயந்தார்கள், நீயும் பயந்தாய். அன்று மாலை வழக்கம்போல வண்டிக்குச் சொன்னது நீ. எல்லோருக்கும் தேநீர் வந்ததா என்று பார்த்ததும் நீ. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், ஆனாலும் நீதான்.

அன்று மதியம் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் தையல்காரருக்கு நான் விரல் தூக்கியபோது, "செயலாளரே போய்ட்டாரு, நான் எம்மாத்திரம்" என்று தானே நடந்தார். மாதக் கடைசிக் கூட்டத்தில் பழைய வழக்கம் வேண்டும் என்று எந்த ஊரும் கேட்கவில்லையாம், பல் மருத்துவர் எழுதினார்.

ரயிலில் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். துடைக்க ஒரு புதுத் துணி மடித்து வைத்திருந்தது. நான் வைக்கவில்லை.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன். அவசரமில்லை.

அக்கா

டிசம்பர் 5

அக்காவுக்கு,

நலம். கண்ணாடி எப்படி இருக்கிறது?

தம்பி

டிசம்பர் 14

தம்பிக்கு,

நலம். நன்றாகத் தெரிகிறது.

அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால், மகள், மாப்பிள்ளை எல்லோரும் சௌக்கியம்தானே? நீளமாக எழுதப் போகிறேன். நாற்காலியை நன்றாகப் போட்டு உட்கார்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவள். ஜெயித்துவிட்டோம்! வட்டாரப் போட்டியில் மூன்று ஆட்டம். முதல் இரண்டில் தோற்றோம். மூன்றாவதில் ஜெயித்தோம். அந்த மூன்றாவது யாரோடு தெரியுமா? நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக இருந்தார்களே, மலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கம், அவர்களோடு. தையல்காரர் மட்டையைக் காலுக்கு முன்னால் ஊன்றி, துணி வெட்டுகிற நிதானத்தோடு சாயங்காலம் வரை நின்றார். நம் பக்கத்தில் ஒரே ஒருவர்தான் எல்.பி.டபிள்யூ. வெல்டர் அவர்களில் நான்கு பேரைக் காலிலேயே பிடித்தார். எல்லாம் அந்த அம்பயர்கள்தான், நான் உனக்கு முன்பு எழுதியிருந்தேனே, நம்மைக் கண்டாலே ஆகாதவர்கள் என்று. நல்ல மனிதர்கள், அக்கா. ஒருவருக்குக் கண்ணாடி கொஞ்சம் தளர்ந்திருந்தது, முறுக்கிக் கொடுத்தேன். ஆட்டம் முடிந்த பிறகுதான்.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. சங்கம் தொடரலாமாம். தபால்காரர் தான் எழுதிய பாட்டைப் பாடினார். வாரியத்துக்குக் கேட்டிருந்தால் முடிவை மாற்றியிருப்பார்கள்.

இதில் நான் ஆடவில்லை. இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. நீ போன பிறகு இரண்டு ஞாயிறு ஆடினேன். மட்டையை முன்னால் கொண்டுவரப் பார்த்தேன். கொண்டுவருவதற்குள் பந்து வந்துவிடுகிறது. இரண்டு முறையும் கண்டக்டர் விரல் தூக்கினார். "கோவிச்சுக்காதீங்க சார், அக்காவே தூக்கிட்டாங்க, நான் தூக்கலேன்னா நல்லா இருக்காது" என்றார். கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். என் இடத்தில் இப்போது தபால்காரர் இறங்குகிறார். பாட்டைவிட மட்டை அவருக்கு நன்றாக வருகிறது.

நான் சும்மா இருக்க முடியுமா? அம்பயர் தேர்வு எழுதித் தேறிவிட்டேன். மதிப்பெண் உன்னுடையதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று கேட்காதே; என் வீட்டுக்காரி ஓரத்தில் எழுதினாலும் நம்பாதே.

நேற்றைக்கு முன்தினம் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைக் கோட்டோடு என் முதல் ஆட்டம். கோட் உன்னுடையது மாதிரியே தைக்கச் சொன்னேன்; தையல்காரர் தோளை வேண்டுமென்றே இறுக்கிவிட்டார். வெல்டர் ஓடி வந்தார். பந்து நேரே காலில். கையில் கூழாங்கல்லை உருட்டினேன். எவ்வளவு நேரம் இருக்கும் என்கிறாய், அந்த விரல் மேலே போவதற்கு? ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. தூக்கிவிட்டேன்.

யாருக்கு என்று நீ கேட்கவில்லையே. பல் மருத்துவருக்கு.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நடந்து போகும்போது, "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வரீங்கதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் அக்கா, அந்தக் கடைவாய்ப் பல். உன் தொல்லையும் அதன் தொல்லையும் தாங்காமல் போன வாரம்தான் நேரம் வாங்கியிருந்தேன்.

போனேன். நாற்காலியில் சாய்த்தார். ஊசி போட்டார். பாதி முகம் எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. விளக்கை இழுத்து முகத்தில் காட்டினார். ஒரு கையில் குறடு. இன்னொரு கை என் வாய்க்குள்.

"செயலாளர் சார், நேத்து அந்தப் பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போகலை? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. நான் அவுட்டா?"

நாக்கு என் வசம் இல்லை. தலையை ஆட்டவும் வழியில்லை. குறடு விளக்கில் மின்னிக்கொண்டு என் மூக்குக்கு நேரே நின்றது. சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன்.

பிறகு வலது கையை நாற்காலியிலிருந்து எடுத்து, சுட்டுவிரலை உயர்த்தினேன்.

பல் போய்விட்டது. மற்றபடி இங்கு அனைவரும் நலம்.

தம்பி